நிலமும் பெண்ணும்: எஸ்தர் போசரப் அம்மையார் நினைவுப் பேச்சு

(கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கு கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்துருவம்)



1999ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 24ஆந் திகதி, எஸ்தர் போசரப் என்னும் டென்மார்க் தேசத்துப் பெண்மணியார் தமது 89ஆவது வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அரசியற் பதவி வகித்தவரல்லர் அவர். சர்வகலாசாலை எதிலும் பேராசிரியராக வீற்றிருந்தவருமல்லர். ஆயினும் உலகத்துக் கமத்தொழிலைப் பற்றியோ, அத்தொழிலிற் பெண்ணுக்குள்ள பங்கைப் பற்றியோ இன்று எந்நாட்டில் எவர் எழுதப் புகுந்தாலும் அவர் பெயரைத் தொடாமல் அப்பாற் செல்லுதல் அரிது. அவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்ட பின்னர் அவரை இங்கே நினைவு கூருவதற்குத் தக்க காரணம் உண்டு. கமக்காரர் ஒரு பக்கமாகவும், காணிக் கந்தோரிலும் நீதிமன்றத்திலும் பாடசாலையிலும் கடமை புரிவோர் மறு பக்கமாகவும் அமர்ந்திருக்கும் சபை இது. வயலில் நடப்பதையும் கந்தோரில் எழுதப்படுவதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதையே அம்மையார் தமது வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்தார்.

அவர் பிறந்தது 1910ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி, கொப்பன்ஹேகன் நகரிலே. தந்தையார் ஓர் எந்திரவியலாளர். குழந்தைக்கு இரண்டு வயதாயிருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். வசதியாக வாழ்ந்த குடும்பம் வறுமையின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. படித்தாலன்றிப் பிழைக்க வழியில்லை என்பதைச் சிறு வயதிலேயே உணர்ந்து படித்தார். உலகமெங்கும் வணிகம் முடங்கி, வேலையற்றோர் தொகை பெருகியிருந்த 1930ஆம் ஆண்டுகளிலே கொப்பன்ஹேகன் சர்வகலாசாலையிற் பொருளியல் பயின்றார். மாணவியாயிருக்கும்போதே, தம் 21ஆவது வயதில், உடன்கற்ற மொகன்ஸ் போசரப் என்பாரை மணந்தார். 1935இற் பட்டம் பெற்றதும் டென்மார்க் அரசாங்கத்தின் உத்தியோகத்தில் அமர்ந்து, போர்க்காலம் முழுவதையும் அங்கேயே கழித்தார். மூன்று குழந்தைகளையும் அந்த ஆண்டுகளிலேதான் பெற்று வளர்த்தார். கந்தோர் வேலையும் வீட்டு வேலையும் ஒருங்கே சுமப்பது எத்தகையது என்பதை ஏட்டிற் படித்து அறிய வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

1947ஆம் ஆண்டிற் கணவனும் மனைவியுமாக ஜெனீவா நகருக்குச் சென்று, ஐக்கிய நாடுகள் தாபனத்தின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவிற் பணியேற்றனர். பத்தாண்டுகள் அங்கே. பின்னர் 1957இல், சுவீடன் தேசத்துப் பேரறிஞர் குன்னார் மிர்டால் ஆசிய நாடுகளின் வறுமையைக் குறித்து மேற்கொண்ட பேராராய்ச்சியில் துணை புரிவதற்காக இருவரும் இந்தியாவுக்கு வந்தனர். இந்திய நாட்டின் கிராமங்களைக் கண்டதே அம்மையாரின் சிந்தனையைத் திசை திருப்பியது என்று துணிந்து கூறலாம்.

அக்காலத்து மேனாட்டுப் பொருளியலாளர் ஆசியக் கமக்காரனைப் பற்றி ஒரு முடிவு கட்டி வைத்திருந்தனர். ஒரு சிறு வயலிற் பத்துப் பேர் நிற்கின்றனர். ஐந்து பேரை அகற்றினாலும் விளைச்சல் குறையாது. ஆகவே ஐவர் சும்மா இருப்பவரே என்பது அவர்களுடைய கணக்கு. குளிர் நாட்டுக் கந்தோரிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித் தோன்றலாம். நாற்று நடும் பருவத்திலும் அறுவடைப் பருவத்திலும் கைகள் போதாமல் அயலூருக்கு ஆள் தேடி ஓடியவர்கள் இச்சபையிற் பலர் இருக்கிறீர்கள். அந்தக் கணக்கின் பிழையை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அம்மையாரும் அதைக் கண்டுகொண்டார். மிர்டாலின் கருத்தோடு தம் கருத்து இசையாமற் போகவே, போசரப் தம்பதிகள் அவ்வாராய்ச்சியை விட்டு விலகினர். புகழ்பெற்ற பெரியாரோடு முரண்பட்டுக் கிடைத்த பதவியைத் துறப்பது எளிதான காரியமன்று.

விலகி வந்தவர் 1965ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். கமத்தொழில் வளர்ச்சியின் நிலைமைகள் என்பது அதன் தலைப்பின் பொருள். இங்கிலாந்துத் தேசத்து மால்தஸ் பாதிரியார் 1798ஆம் ஆண்டிலே வெளியிட்ட கொள்கை எல்லோரும் அறிந்தது. சனத்தொகை விரைந்து பெருகும், உணவு அவ்வளவு விரைவாகப் பெருகாது, பஞ்சமும் நோயும் வந்து தொகையைக் குறைக்கும் என்றார் அவர். அம்மையார் அதைத் தலைகீழாகத் திருப்பினார். உணவு எவ்வளவோ அவ்வளவே மக்கள் என்பது சரியன்று. மக்கள் பெருகும்போதுதான் கமத்தொழிலின் முறை மாறுகிறது என்றார்.

இதற்கு அவர் காட்டிய சான்று தரிசு. காட்டை வெட்டி எரித்து ஓரிரு வருடம் விதைத்துவிட்டு, இருபது இருபத்தைந்து வருடம் நிலத்தைக் காடாகவே விட்டுவிடுவது ஒரு முறை. மக்கள் சிறிது பெருகினால் ஆறு முதற் பத்து வருடம் வரை பற்றைக்காடாக விடுவர். இன்னும் பெருகினால் ஓரிரு வருடமே தரிசு. அதன்பின் ஆண்டுதோறும் விதைப்பு. முடிவில் ஓராண்டிலேயே இரு போகம், முப்போகம். வன்னியிற் சேனை வெட்டியவர்களும், வலிகாமத்துச் செம்மண்ணிற் கிணற்று நீர் இறைத்து ஒரு பரப்பு நிலத்தை ஒரு நாளும் ஓய விடாதவர்களும் இங்கே அருகருகே அமர்ந்திருக்கிறீர்கள். அவர் வகுத்த வரிசையின் முதற்படியும் கடைசிப் படியும் எமது மாகாணத்துக்குள்ளேயே காணக் கிடைத்தன.

ஆனால் இதிலே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. சேனையில் உழவும் இல்லை, எருவும் இல்லை, சாம்பலே உரம். தரிசு குறையக் குறைய நிலத்தைக் கொத்த வேண்டும், எரு இட வேண்டும், களை பிடுங்க வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும். ஒரு ஏக்கரில் விளைவது கூடுகிறது. ஒரு மணி நேர உழைப்பிற் கிடைப்பதோ குறைகிறது. கமக்காரன் சோம்பலினாற் புதிய முறையை ஏற்காமல் இருக்கிறான் என்று சொல்லும் உத்தியோகத்தர்களுக்கு அம்மையார் கொடுத்த பதில் இதுவே. அவன் தன் முதுகின் நோவைக் கணக்கிட்டுப் பார்த்தே ஏற்கிறான், அல்லது ஏற்காமல் விடுகிறான். அந்நூலைப் பொருளியலாளர் பலர் தொடக்கத்தில் ஏற்கவில்லை. தொல்பொருள் ஆராய்வோரும் மானிடவியலாளருமே அதனை முதன்முதல் நன்கு பயன்படுத்தினர்.

அந்தக் கூடுதலான உழைப்பு யார் தலையில் விழுகிறது என்பதே அடுத்த வினா. 1964ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் அம்மையார் ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள செனெகால் நாட்டில் வாழ்ந்தார். இந்தியாவில் ஆண் ஏர் பிடித்து உழக் கண்ட கண்கள், ஆபிரிக்காவிலே பெண் மண்வெட்டி பிடித்துக் கொத்துவதைக் கண்டன. அவ்விரு காட்சியையும் ஒப்பிட்டதிலிருந்து பிறந்ததே 1970ஆம் ஆண்டில் வெளிவந்த, பொருளாதார அபிவிருத்தியில் பெண்ணின் பங்கு என்னும் நூல். ஆசியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய கண்டங்களின் குடிசன மதிப்பு ஏடுகளையும் கிராம ஆராய்ச்சிகளையும் ஒன்று சேர்த்துப் பெண்ணின் உழைப்பை எண்ணிக் காட்டிய முதல் நூல் அதுவென்றே கூறலாம்.

சேனை முறையும் மண்வெட்டியும் உள்ள நாட்டில், காட்டை வெட்டுவது ஆணின் வேலை. விதைத்துக் களை பிடுங்கி அறுவடை செய்து குடும்பத்துக்குச் சோறு போடுவது பெண்ணின் வேலை. கலப்பை வந்த நாட்டில் உழவு ஆணுக்குரியதாயிற்று. பெண் வயலைவிட்டு வீட்டுக்குள் ஒதுங்கினாள். நிலமற்றோரின் மனைவியர் மட்டும் கூலிக்கு வயலில் இறங்கினர். மக்கள் நெருங்கி வாழ்ந்து, நீர் பாய்ச்சி, நாற்று நட்டு, நிலத்தை ஓயாது பயன்படுத்தும் நாட்டிலே ஆணும் பெண்ணும் ஒருங்கே முறிந்து உழைக்க வேண்டியதாயிற்று. ஆகவே பெண்ணுக்கு எந்த வேலை உரியது, எந்த வேலை உரியதன்று என்பது ஆண்டவன் எழுதி வைத்த விதியாகாது. கருவி மாறினால் அதுவும் மாறும். நிலத்தின் உடைமை மாறினால் அதுவும் மாறும்.

இனி, அந்நூலில் எம்மைப் போன்ற, அந்நியராட்சிக்கு உட்பட்டிருந்த மக்கள் உற்று நோக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். ஆபிரிக்காவை ஆண்ட ஐரோப்பியர் தம் நாட்டிலே கமக்காரன் என்றால் ஆண் என்று கண்டு பழகியவர்கள். பெண்கள் கொத்தி விதைத்துக்கொண்டிருந்த நிலத்துக்கு வந்து, அந்தப் பெண்களை விட்டுவிட்டு அவர்களுடைய கணவன்மாரை அழைத்தனர். பருத்தி முதலிய பணப்பயிரை ஆணுக்குப் போதித்தனர். கலப்பையை ஆணிடம் கொடுத்தனர். கடனையும் ஆணுக்கே கொடுத்தனர். நிலத்தை அளந்து பதிந்தபோது, வழிவழியாகப் பெண் உழைத்து உரிமை கொண்டிருந்த நிலத்தையும் ஆணின் பெயரிலேயே பதிந்தனர். ஆண் புதிய முறையில் முன்னேறினான். பெண் பழைய மண்வெட்டியோடு நின்றாள். இருவருக்குமிடையே இல்லாதிருந்த இடைவெளி ஒன்று தோன்றிற்று. பிற்பாடு அதே உத்தியோகத்தர் திரும்பி வந்து, பெண்களுக்குக் கமத்தொழில் வராது, அவர்கள் பிற்போக்கானவர்கள் என்று குறிப்பெழுதினர். பிற்போக்கை உண்டாக்கியவரே பிற்போக்கென்று பழி சொன்னது விந்தையிலும் விந்தை. சுதந்திரம் பெற்ற பின்னரும் அங்கெல்லாம் அந்த ஏடுகள் மாறவில்லை என்பதையும் அம்மையார் ஒளியாமல் எழுதினார்.

தோட்டத் தொழிலாளரைப் பற்றி அவர் காட்டிய ஒரு வேறுபாடு எம் நாட்டாருக்கு நெருக்கமானது. ஆபிரிக்காவிலே தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஆண்களை மட்டுமே கொண்டு சென்றனர். ஊரில் விடப்பட்ட மனைவி தானே பயிரிட்டுத் தன்னையும் பிள்ளைகளையும் காப்பாற்றினாள். ஆகவே துரைமார் ஒற்றை ஆளின் வயிற்றுக்குரிய கூலியைக் கொடுத்தாற் போதுமாயிருந்தது. ஆசியத் தோட்டங்களிலோ குடும்பம் குடும்பமாகக் கொண்டு வந்தனர். மனைவியும் பிள்ளையும் சேர்ந்து உழைத்ததனால் ஆணின் கூலியைக் குறைத்து வைக்க முடிந்தது. வழி இரண்டு, ஆதாயம் ஒருவருக்கே. எமது மலைநாட்டிலே கூடையைச் சுமந்து கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணின் கைகளால் இந்நாட்டின் அந்நியச் செலாவணி வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவளுடைய குடும்பத்தை நாடற்றதாக்கியது. ஒரு நாட் பேருக்கு ஆணுக்கொரு கூலி பெண்ணுக்கொரு கூலி என்னும் வழக்கம் 1984ஆம் ஆண்டு வரை நீடித்தது. அவ்வளவு காலமும் கொழுந்தின் நிறையில் ஆண் பெண் பேதம் இருக்கவில்லை.

சீதனத்தைப் பற்றியும் அவர் சொன்னார். பெண் வயலில் உழைக்கும் நாட்டில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசம் கொடுத்துப் பெண்ணைப் பெறுகின்றனர். உழைக்கும் கை ஒன்று அவர்கள் வீட்டுக்கு வருகிறதன்றோ! கலப்பை நாட்டில் வீட்டுக்குள் இருக்கும் பெண் ஒரு செலவென்று கருதப்படுகிறாள். ஆகவே பெண் வீட்டார் கொடுத்து அனுப்புகின்றனர் என்பது அவருடைய விளக்கம். இவ்விடத்தில் எமக்குச் சிறிது கருத்து வேற்றுமை உண்டு. யாழ்ப்பாணத்துச் சீதனம் காணியும் வீடுமாகப் பெண்ணின் பெயரிலேயே எழுதப்பட்டு வந்தது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஏட்டில் ஏற்றிய தேசவழமையே அதற்குச் சான்று. அது மாப்பிள்ளைக்குக் கொடுத்த விலையன்று. மகளுக்குக் கொடுத்த பங்கு. அம்மையாரின் விளக்கம் வட இந்தியாவுக்குப் பொருந்தும் அளவுக்கு எமது ஊருக்குப் பொருந்தாது. பிற்காலத்திலே ரொக்கமும் நகையுமாகி மாப்பிள்ளை வீட்டுக்கே போய்ச் சேரும் சீதனத்துக்கு நன்றாகவே பொருந்தும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாதியைப் பற்றிய அவர் கூற்றை மறுக்க எவராலும் இயலாது. இந்தியாவில் நிலமுடைய உயர்சாதியாரின் மனைவி வயலில் இறங்காதிருப்பது கௌரவமாயிற்று. அந்தக் கௌரவத்தைத் தாங்கியது தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பெண்களுடைய முதுகு. எம்மூரில் எந்த வீட்டுப் பெண் வரம்பையும் மிதியாமல் வாழ்ந்தாள், எந்த வீட்டுப் பெண் முழங்காலளவு சேற்றில் நின்று நாற்று நட்டாள் என்பதைத் தீர்மானித்ததும் சாதியேயன்றி வேறல்ல. பெண்ணின் பங்கு என்று பொதுப்படப் பேசி இதை மூடிவிட முயல்வோர் உளர். அம்மையார் மூடவில்லை.

கணக்கெடுப்போருக்கு அவர் விடுத்த கண்டனத்தையும் சொல்லாமல் விடலாகாது. ஒரு நாட்டின் வருமானத்தை எழுதும் ஏட்டில், விற்பனைக்குப் போன நெல் ஏறுகிறது. வீட்டில் அவித்துக் காயவைத்துக் குற்றிய நெல்லின் உழைப்பு ஏறுவதில்லை. தண்ணீர் அள்ளியதும், விறகு பொறுக்கியதும், ஆட்டுக்குக் குழை ஒடித்ததும் ஏறுவதில்லை. அரைத்த மா கடைக்கு வந்து காசுக்கு வாங்கத் தொடங்கியதும் நாட்டின் வருமானம் உயர்ந்துவிட்டதென்று மகிழ்கின்றனர். நேற்றும் மா இருந்தது. அரைத்தவள் பெயர் மட்டுமே ஏட்டில் இருக்கவில்லை. இச்சபையிலுள்ள தாய்மார்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் வாயைத் திறந்து எண்ணத் தொடங்குவார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று குடிசன மதிப்பு உத்தியோகத்தர் கேட்டபோதோ, வீட்டில் சும்மாதான் இருக்கிறா என்று கணவன்மார் பதிலளித்திருப்பார்கள்.

அந்நூல் அலமாரியில் உறங்கவில்லை. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி பெண்களையும் அபிவிருத்தியிற் சேர்க்க வேண்டுமென்று 1973ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. 1975ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நகரிலே ஐக்கிய நாடுகள் தாபனத்தின் முதலாவது உலகப் பெண்கள் மகாநாடு கூடியது. அங்கே பேசப்பட்டவற்றுக்கு அம்மையாரின் நூல் அடித்தளமாயிருந்தது. 1979இல் நிறைவேறிய, பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரை கிராமத்துப் பெண்ணுக்கென்றே எழுதப்பட்டது. கமக்கடனிலும் காணிச் சீர்திருத்தத்திலும் குடியேற்றத் திட்டங்களிலும் அவளுக்குச் சமத்துவம் வேண்டும் என்கிறது அது. இலங்கை அரசாங்கம் 1981ஆம் ஆண்டில் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது.

அம்மையாரைக் குறை கூறியவர்களும் உண்டு. அவர்களை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. லூர்தெஸ் பெனெரியா, கீதா சென் என்னும் இரு பெண் பொருளியலறிஞர்கள் 1981ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலே, பெண்ணை நவீனத் தொழில்களிற் சேர்த்துவிட்டாற் போதுமென்று அம்மையார் எண்ணிவிட்டார். அந்நவீனத் தொழிலின் முதலாளித்துவ அமைப்பே பெண்ணை எவ்வாறு கசக்குகிறது என்பதை ஆராயவில்லை. பிள்ளை பெற்று வளர்க்கும் பெருஞ்சுமைக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை என்றனர். தையல் ஆலைகளுக்குப் பஸ்ஸேறிப் போய் இரவு மீண்டு, மறுபடியும் அடுப்படிக்குள் நுழையும் பெண்பிள்ளைகளைக் கண்டிருக்கும் எமக்கு இக்குறை நியாயமென்றே படுகிறது. ஆயினும் அவர்கள் தொடுத்த வினாக்களுக்கும் வாசலைத் திறந்துவிட்டவர் போசரப் அம்மையாரே. பிற்காலத்தில், 2013இல், மூன்று பொருளியலாளர் பல நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து, முன்னோர் கலப்பை பிடித்த சமுதாயங்களில் இன்றளவும் பெண்கள் வெளித் தொழிலிற் பங்குகொள்வது குறைவாயிருப்பதைக் கண்டனர். நாற்பது ஆண்டுக்கு முன் அவர் சொன்னதற்கு அது வலுச் சேர்த்தது.

இப்பொழுது எமது காணிகளுக்கு வருவோம். எமது நிலம் எமக்கு வேண்டும் என்று எத்தனையோ மேடைகளில் தமிழ் மக்கள் குரலெழுப்பி வந்திருக்கின்றனர். அக்குரல் நியாயமானது, தளரக்கூடாதது. அதே வேளையில், எமக்கு என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் யார் யார் அடங்குகின்றனர் என்று அம்மையார் இருந்திருந்தாற் கேட்டிருப்பார்.

1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் பெற்றவர், பின்னுரித்தாளர் ஒருவரை நியமியாமல் இறந்தால், அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரிசை சொல்லியது. மகன் முதலில், மகள் பின்னர். பேரன் முதலில், பேத்தி பின்னர். சகோதரன் முதலில், சகோதரி பின்னர். காடு வெட்டிய காலத்தில் தகப்பனோடு நின்று வேர் பிடுங்கிய மூத்த மகள், பின்பிறந்த தம்பிக்குப் பின்னே நிறுத்தப்பட்டாள். 2022ஆம் ஆண்டிலேதான் இவ்வரிசை திருத்தப்பட்டு ஆண் பெண் பேதம் நீக்கப்பட்டது. இடையில் 87 ஆண்டுகள்! ஆபிரிக்காவிலே வெள்ளைத் துரைமார் செய்ததென்று மேலே சொன்னோமே, அதுவே எமது குளங்களின் கீழும் சட்டமாயிருந்தது. எமது பிரதிநிதிகள் எவரும் அவ்வரிசையைப் பெரிதுபடுத்திப் பேசியதாக எமக்கு நினைவில்லை.

தனியார் காணியின் கதை வேறு. தேசவழமைப்படி சீதனக் காணி பெண்ணுக்கே உரியது என்று பெருமையோடு சொல்கிறோம். பெருமைக்குரியதுதான். ஆனால் 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 6ஆம் பிரிவு, அப்பெண் தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென்று விதித்தது. 1923ஆம் ஆண்டில் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச்சட்டம் இந்நாட்டின் ஏனைய பெண்கள் பலருக்குத் தம் ஆதனத்தைத் தாமே கையாளும் உரிமையைக் கொடுத்தபோது, தேசவழமைக்கு உட்பட்ட தமிழ்ப் பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். நூறு ஆண்டுக்கு மேலாக அந்நிலை நீடித்தது. கணவனுக்குத் தன் காணியை விற்க மனைவியின் கையெழுத்து வேண்டியதில்லை.

சமாதான காலத்தில் இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னரே இதன் கொடுமை வெளிப்பட்டது. கணவன் இறந்தானா, உயிரோடிருக்கிறானா என்பது தெரியாத பெண், பிள்ளைகளின் படிப்புக்காகத் தாயார் தந்த இரண்டு பரப்பை ஈடுவைக்க வேண்டியிருந்தால் யாரிடம் சம்மதம் பெறுவாள்? மரணச் சான்றிதழ் கேட்டால், அவனைச் செத்தவன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு அவள் மனம் இசையாது. இசைய வேண்டுமென்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. சட்டத்தில் ஒரு வழி இருந்தது. மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து நீதிபதியின் கட்டளையைப் பெறலாம். அதற்குச் சட்டத்தரணி வேண்டும், பணம் வேண்டும், நாட்கூலியை இழந்து பலமுறை நடக்க வேண்டும். ஆளைக் காணவில்லை என்று சான்றிதழ் கொடுப்பதற்கான சட்டமே 2016ஆம் ஆண்டிலேதான் வந்தது.

ஆகவே இச்சபையிலுள்ள இரு பகுதியாரிடமும் சில வேண்டுகோள்கள் உண்டு. நொத்தாரிசுமாரே, சட்டத்தரணிமாரே, இத்தகைய பெண்கள் உங்கள் மேசைக்கு வரும்போது புருஷன் வந்தாரா என்பதை முதற்கேள்வியாக வையாதீர்கள். நீதிமன்ற வழி வேண்டியிருந்தால் கூலியின்றி எழுதிக் கொடுங்கள். காணி உத்தியோகத்தர்களே, திருத்தப்பட்ட பின்னுரித்து வரிசையைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பெண்கள் வாசிக்கக்கூடிய இடத்தில் ஒட்டுங்கள். பழைய வரிசையே சட்டமென்று நம்பித் தம்பிமாருக்கு விட்டுக்கொடுக்கும் அக்காமார் இன்னும் இருக்கக்கூடும். விவசாயப் போதனாசிரியர்களே, புதிய விதையைப் பற்றியும் உழவு இயந்திரத்தைப் பற்றியும் வகுப்பு நடத்தும்போது, பெண்கள் உலை வைக்கும் நேரத்தில் நடத்தாதீர்கள். கமக்காரப் பெரியோர்களே, போகத் தொடக்கக் கூட்டத்தில் வயலுக்குரியவர் யார் என்று பெயர் பதியும்போது, களை பிடுங்கியவரின் பெயரையும் சொல்லுங்கள்.

கணவரை இழந்தபின் எஸ்தர் போசரப் அம்மையார் சுவிற்சர்லாந்தின் தென்பகுதியிலுள்ள திச்சினோ மாநிலத்திற் குடியேறி, முதுமையிலும் எழுதிக்கொண்டிருந்தார். தமது தொழில் வாழ்க்கையைத் தாமே சுருக்கி எழுதிய சிறு நூல் அவர் மறைந்த 1999ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. தாம் என்னென்ன எழுதினோம், எதற்காக எழுதினோம் என்பதை வரிசையாகச் சொல்லும் நூல் அது. துயரக் கதை எதுவும் அதில் இல்லை.

மேலே சொன்ன வேண்டுகோள்களைத் தீர்மானமாக எழுதித் தலைவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். தாய்மார் பகுதியிலிருந்து ஒருவர் அதனைப் பிரேரிப்பார். வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களை வேண்டி அமர்கிறோம்.